கரண்ட் போன நேரத்துப் படம்

வேலையை விட்டு வீட்டோடு இருந்தாலும் முகூர்த்த நாட்களில் என் கைபேசி சும்மா இருப்பதில்லை. போன மாதம் பிரியா கூப்பிட்டாள். தர்மபுரியில் நான் காலமெல்லாம் வேலை பார்த்த ஸ்டுடியோவில், இப்போது எடிட்டிங் கம்ப்யூட்டரின் முன் உட்காரும் பெண்.

"மேடம், டிஸ்க்கு ரொம்பிப் போச்சுங்க. நாளைக்கு ரெண்டு கல்யாணம் இருக்குது. காப்பி பண்ண எடமே இல்லீங்க. எதைத் தூக்கறதுங்க?"

முடிந்த வேலைகளின் ரெண்டர் ஃபைல்களை முதலில் தூக்கச் சொன்னேன். பிரிவியூ, கேஷ் எல்லாம் மெஷினே திரும்பச் செய்துகொள்ளும், அதற்கு யோசிக்கவே வேண்டாம். ஒரே படம் இரண்டு இடத்தில் கிடந்தால் ஒன்றை எடுத்துவிடு என்றேன்.

"அதெல்லாம் பண்ணிட்டனுங்க. கேமராவுல எடுத்த வேஸ்ட்டு கிளிப்புதான் மலையாட்டம் கெடக்குது. அதை அழிச்சிரட்டுங்களா?"

"அழிம்மா. ஆனா ஒரு தடவை ஓட்டிப் பாத்துட்டு அழி."

"அம்புட்டையுமா? யாருங்க மேடம் உக்காந்து பாக்கறது?" என்று சிரித்தாள்.

அவள் சிரித்ததில் தவறில்லை. அவளுக்குப் போனில் சொல்ல முடியாததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் ஊர் பொம்மிடிப் பக்கம். நிலத்தை நம்பியே இருந்த கிறித்தவக் குடும்பம். டைப்பிங் முடித்த கையோடு, தர்மபுரி பஸ் ஸ்டாண்டுக்கு அருகிலிருந்த கோவிந்தசாமி சாரின் போட்டோ ஸ்டுடியோவில், வருகிறவர்களை உட்கார வைத்துப் பெயர் கேட்கும் வேலைக்குச் சேர்ந்தேன். எண்பதுகளின் நடுவில் அவர் ஒரு வீடியோ கேமராவும் இரண்டு வி.சி.ஆரும் வாங்கிப் போட்டார். ஒன்றில் ஓடுவதை இன்னொன்றில் பதிவு செய்வதுதான் அப்போது எடிட்டிங். வேண்டாத இடம் வந்ததும் பதிவை நிறுத்த வேண்டும், வேண்டிய இடம் வந்ததும் விட வேண்டும். விரல் கொஞ்சம் தாமதித்தாலும் மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுப்பார், அடுத்த நொடி எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். டைப் அடித்துப் பழகிய விரல் என்பதால் அந்த வேலை என்னிடம் வந்தது. அதன்பிறகு என்னை விட்டு அது போகவே இல்லை.

கோவிந்தசாமி சார் மெதுவாகப் பேசுகிறவர். வேலைக்கு இருக்கிறவர்களையும் "வாங்க, போங்க" என்றுதான் கூப்பிடுவார். கோபம் வந்தால் ஒன்றும் சொல்லாமல் ஃபேனை நிறுத்திவிட்டு வெளியே போவார். நாங்கள் வியர்க்க வியர்க்க, என்ன தப்பு செய்தோம் என்று யோசித்துக்கொண்டிருப்போம். கேசட்டைத் தொடுவதற்கு முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைக்க வேண்டும். எடிட்டிங் அறைக்குள் டீ டம்ளர் வரக்கூடாது. இந்த இரண்டிலும் அவர் யாரையும் விட்டதில்லை. ஒரு முறை அவருடைய மைத்துனரையே டம்ளரோடு வாசலில் நிற்க வைத்துப் பேசி அனுப்பினார்.

கேசட்டுக்கு அப்போது எப்போதும் தட்டுப்பாடு. பெங்களூரிலிருந்து வர வேண்டும். முகூர்த்த மாதங்களில் கேட்டது வராது, வந்தது போதாது. அதனால் கல்யாண வீட்டுக்கு எடிட் செய்த கேசட்டைக் கொடுத்ததும், கேமராவில் எடுத்த மூலக் கேசட்டை அழித்து அடுத்த கல்யாணத்துக்கு எடுத்துக்கொள்வோம். எல்லா ஸ்டுடியோவிலும் இதுதான் நடைமுறை. எங்கள் சார் அதற்கு ஒரு முறை வைத்திருந்தார்.

கேசட்டின் முதுகில் ஓர் ஓரத்தில் சின்னப் பிளாஸ்டிக் மூடி இருக்கும். அதை உடைத்துவிட்டால் அதன்மேல் புதிதாக எதையும் பதிய முடியாது. ஷூட்டிங் முடிந்து வந்ததும் முதல் வேலையாகச் சார் அதை உடைத்துவிடுவார். திரும்பப் பதிய வேண்டுமானால் அந்தப் பள்ளத்தின் மேல் செல்லோ டேப் ஒட்ட வேண்டும். ஒட்டும் உரிமை அவருக்கு மட்டும்தான். ஒட்டுவதற்கு முன் என்னைக் கூப்பிட்டு, "மேரி, இதை முழுசா ஒரு தடவை ஓட்டிப் பாத்துட்டீங்களா?" என்பார். பார்த்தேன் என்று நான் சொன்ன பிறகுதான் டேப்பைக் கிழிப்பார். படத்தைப் பார்த்துக்கொண்டே வேகமாக ஓட்டினால் போதும். ஆனால் ஆரம்பம் முதல் கடைசிவரை ஓட்ட வேண்டும்.

"கல்யாண வூட்டுக்காரங்க ஒரு மாசம் கழிச்சு வந்து, எங்க மாமா வந்திருந்தாரே, அவரைக் காணமேம்பாங்க. நாம அழிச்சிட்டா அந்த மாமாவை எங்க போயி எடுக்கறது?" இதுதான் அவர் சொன்ன காரணம். மாமாக்களுக்காக ஏற்பட்ட வழக்கம் அது.

ஒரு வருஷம் பாலக்கோட்டில் கல்யாணம் ஒன்று. பெண்ணின் அப்பா முனுசாமி கவுண்டர். விடியற்காலை முகூர்த்தம். எங்கள் கேமராக்காரர் சேகர் போயிருந்தார். தாலி கட்டுவதற்குக் கொஞ்சம் முன்பு மண்டபத்தில் கரண்ட் போய்விட்டது. சேகர் கேமராவின் தலையிலேயே பேட்டரி விளக்கை மாட்டி, ஜெனரேட்டர் ஓடும்வரை கூட்டத்தை அங்கும் இங்கும் எடுத்துக்கொண்டிருந்தார். இருட்டில் நிழலும் முதுகுமாக இருந்த அந்தப் பகுதியை நான் எடிட்டிங்கில் அப்படியே தள்ளிவிட்டேன். முனுசாமி கவுண்டர் வந்து கேசட்டை வாங்கிக்கொண்டு, நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டும் போனார்.

அடுத்த முகூர்த்தம் நெருங்கியது. அழிக்கும் முறை அந்தக் கேசட்டுக்கு வந்தது. வழக்கம்போல வேகமாக ஓட்டிக்கொண்டிருந்தேன். கரண்ட் போன பகுதியில் தூணோரம் ஒரு பெண் மடியில் குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். விளக்கு அவர்கள் பக்கம் திரும்பியதும் குழந்தை கேமராவைப் பார்த்தது. அதன் வலது கண் மட்டும் பளிச்சென்று வெள்ளையாக மின்னியது. ராத்திரி ரோட்டில் பஸ் வெளிச்சம் பட்ட பூனையின் கண் மின்னுமே, அப்படி.

திருப்பி ஓட்டினேன். மறுபடியும் மின்னியது. சேகர் கூட்டத்தைச் சுற்றிவிட்டு அந்தப் பக்கம் திரும்பும்போதும் அதே குழந்தை, அதே கண். பக்கத்தில் உட்கார்ந்திருந்த யாருக்கும் அப்படி இல்லை. குழந்தையின் இன்னொரு கண் சாதாரணக் கறுப்பாக இருந்தது.

சாரைக் கூப்பிட்டேன். நின்றபடியே பார்த்தார்.

"வி.சி.ஆர். ஹெட்டுல அழுக்கு இருக்கும். ஸ்பிரிட் போட்டுத் துடைச்சிட்டு ஓட்டிப் பாருங்க."

துடைத்து ஓட்டினேன். அப்படியேதான் இருந்தது. கேசட்டை எடுத்து இன்னொரு வி.சி.ஆரில் போட்டார். அப்படியேதான் இருந்தது. டேப்பில் கீறல் இருக்குமோ என்று பார்த்தோம். கீறலாக இருந்தால் படத்தில் ஒரே இடத்தில் நிற்கும். இது குழந்தை தலையைத் திருப்பத் திருப்பக் கூடவே திரும்பியது. அப்போதுதான் சார் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"மெஷின்ல ஒண்ணுமில்லைங்க மேரி. இது புள்ளையோட கண்ணுலதான் இருக்குது."

எங்கள் இரண்டு பேருக்கும் அது என்னவென்று தெரியாது. நல்லதாக இருக்காது என்று மட்டும் தோன்றியது. சார் கேசட்டை வெளியே எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். அந்த வார முகூர்த்தத்துக்கு எங்களிடம் இருந்த ஒரே கேசட் அதுதான். பெங்களூர் லாரி வரவில்லை. ஒப்புக்கொண்ட கல்யாணத்தை விட முடியாது.

அவர் எழுந்து கடையின் முன்பக்கம் போனார். அங்கே ஒரு டி.வி. உண்டு. சாயங்காலமானால் அதில் ஒகேனக்கல் ஓடும். காவிரியில் வெள்ளம் வந்தபோது சார் தானே போய்ப் பாறைமேல் நின்று எடுத்த படம். பஸ்ஸுக்கு நிற்கிற கூட்டம் எங்கள் வாசலில் நின்று அதைப் பார்க்கும். அதைப் பார்த்துவிட்டுத் தங்கள் கல்யாணத்தைப் படம் எடுக்கச் சொன்னவர்கள் நிறையப் பேர். அவருக்கு அதைவிடப் பெருமையான பொருள் கடையில் வேறு கிடையாது. அந்தக் கேசட்டை வெளியே எடுத்து, என் முன்னாலேயே அதன் முதுகில் செல்லோ டேப்பை ஒட்டினார்.

"சார், அது அருவி சார்" என்றேன்.

"அருவி அங்கயேதாங்க இருக்குது. அடுத்த வருஷமும் தண்ணி வரும்."

அவ்வளவுதான் சொன்னார். சேகரிடம் அதைக் கொடுத்து, கல்யாணத்துக்கு எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்.

அந்தக் குழந்தை யாரென்று கண்டுபிடிக்க வேண்டுமே. படத்தை டி.வி.யில் நிறுத்தி வைத்து, ஜன்னல்களைச் சாத்திவிட்டு, ஷட்டரை மெதுவாக்கிச் சார் திரையையே போட்டோ எடுத்தார். வேகமாக எடுத்தால் படத்தின் குறுக்கே கறுப்புப் பட்டை விழும். கழுவி எடுத்த பிரதியில் கோடு கோடாக இருந்தாலும் தாயும் பிள்ளையும் அடையாளம் தெரிந்தார்கள். கண்ணும் தெரிந்தது. அதை எடுத்துக்கொண்டு நான் பாலக்கோட்டுக்குப் பஸ் ஏறினேன். பெண்பிள்ளை போய்ச் சொன்னால் பயப்பட மாட்டார்கள் என்பது சாரின் எண்ணம்.

முனுசாமி கவுண்டர் படத்தை வாங்கிப் பார்த்ததுமே, "இது நம்ம கெம்பம்மா புள்ளையாச்சே, மாதேசு" என்றார். நான் விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது.

"ஏம்மா, கல்யாணம் முடிஞ்ச வூட்டுல வந்து இப்பிடிச் சொல்றியே. புள்ள நல்லாத்தான் ஓடியாடிட்டு இருந்தான். எங்க வூட்டுக் கல்யாணத்துல எடுத்த படத்தால வந்ததுன்னு நாளைக்கு ஒரு பேச்சு வராதா?"

"அப்பிடியெல்லாம் வராதுங்க. ஒண்ணுமில்லைன்னு டாக்டர் சொல்லிட்டா நம்ம எல்லாருக்கும் நிம்மதிதானுங்க" என்றேன்.

அவர் உள்ளே போய்விட்டார். அவருடைய மனைவி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, படத்தை வாங்கி நெடுநேரம் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி ஊர்ப் பெயரைச் சொன்னார். பென்னாகரத்திலிருந்து காட்டுப் பக்கம் போகும் வழியில் ஒரு கிராமம். கன்னடம் பேசுகிற குடும்பம், கவுண்டர் வீட்டுக்கு நெடுநாள் பழக்கம், ஆடு மேய்ப்பதும் கொஞ்சம் தக்காளியும்தான் பிழைப்பு.

மறுநாள் அங்கே போனேன். கெம்பம்மா தக்காளிக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தாள். என்னைவிடச் சின்னவளாக இருப்பாள். மாதேசு வரப்பில் உட்கார்ந்து ஒரு காயை உருட்டிக்கொண்டிருந்தான். பகல் வெளிச்சத்தில் அவனிடம் எந்தக் குறையும் தெரியவில்லை. எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் படத்தை அவள் கையில் கொடுத்தேன்.

பார்த்தாள். அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, உங்களுக்கும் தெரியுதுங்களா?" என்றாள்.

பொழுது சாய்ந்து விளக்கேற்றும் நேரத்தில் அவள் இதைப் பல தடவை பார்த்திருக்கிறாள். புருஷன் சிவண்ணனைக் கூப்பிட்டுக் காட்டும்போது அது தெரியாது. பூனைக்கண்ணு அதிர்ஷ்டம் என்றார்கள் சிலர். பெற்றவளே பிள்ளைக்குக் கண் வைக்காதே என்று கடிந்தார்கள் சிலர். "எனக்கு மட்டுந்தான் தெரியுது, எம் புத்திதான் கெட்டுப்போச்சுன்னு நெனச்சிட்டனுங்கக்கா" என்றாள். வாயை மூடிக்கொண்டு எத்தனை சாயங்காலம் அவள் அந்தக் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பாள் என்று எண்ணியபோது எனக்குத்தான் கண் கலங்கியது.

ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்த சிவண்ணன் போட்டோவை நம்பவில்லை. "காயிதத்துல எப்பிடி வேணும்னாலும் வெள்ளை விழும்மா. கழுவறப்ப மருந்து பட்டிருக்கும்" என்றான். அதுவும் நடக்கக்கூடியதுதான், நான் மறுக்கவில்லை. "அப்ப ஓடற படத்தைப் பாருங்க. புள்ளையையும் கூட்டிக்கிட்டு வாங்க" என்றேன். டி.வி.யில் பிள்ளை வருகிறான் என்ற ஆசையோ, மனைவியின் முகமோ, எது அவனை இளக்கியது என்று தெரியவில்லை. வருவதாகச் சொன்னான்.

சொன்னபடி வந்தார்கள். சார் கடைக்கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டுக் கேசட்டைப் போட்டார். தூணோரம் கெம்பம்மா தெரிந்ததும் சிவண்ணன் சிரித்தான். விளக்கு திரும்பியது. கண் மின்னியது. அவன் சிரிப்பு அப்படியே நின்றது.

"இன்னொருக்கா போடுங்க."

போட்டோம். படம் திரும்பவும் அந்த இடத்துக்கு வந்தபோது கெம்பம்மா அவன் தோளைத் தொட்டு, "நோடி, நானு ஹேளலில்வா" என்றாள். பாருங்கள், நான் சொல்லவில்லையா என்று அர்த்தம். அதில் குற்றம் சாட்டும் தொனியே இல்லை. இத்தனை நாள் தனியாகச் சுமந்ததை இறக்கி வைக்கிற மாதிரி இருந்தது. சிவண்ணன் பிள்ளையை அவள் மடியிலிருந்து தூக்கித் தன் மார்போடு சேர்த்துக்கொண்டான். "எந்த டாக்டருங்க?" என்றுதான் அடுத்துக் கேட்டான்.

சாரே அவர்களைக் கண் டாக்டரிடம் கூட்டிப் போனார். நானும் போனேன். அந்த டாக்டர் வயதில் இளையவர், நிதானமானவர். வீடியோவில் தெரிந்தது என்று சார் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை, எப்படி வெளிச்சம் விழுந்தது என்று நுணுக்கமாகக் கேட்டார். அறையை இருட்டாக்கி, மருந்து விட்டு, கருவியை வைத்துப் பிள்ளையின் கண்ணுக்குள் வெகுநேரம் பார்த்தார். பிறகு விளக்கைப் போட்டுவிட்டுப் பெற்றவர்களின் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"கண்ணுக்குள்ள கட்டி இருக்குது. சின்னப் புள்ளைங்களுக்கு வர்ற கட்டி. அது கண்ணோட நிக்கற வரைக்கும் நம்ம கையில இருக்குது. வெளிய பரவிட்டா உசுருக்கு ஆபத்து. தள்ளிப்போடாம மெட்ராசுக்குப் போயிருங்க. அந்தக் கண்ண எடுக்க வேண்டி வரலாம்."

சிவண்ணன் தலையைக் குனிந்துகொண்டான். "கண்ண எடுத்துட்டா ஆம்பளப் புள்ள நாளைக்கு எப்பிடிங்க பொழைப்பான்?"

டாக்டர் பதில் சொல்வதற்குள் கெம்பம்மா சொன்னாள். "ஒரு கண்ணு போதுங்க. புள்ள வூட்டுக்கு வரணும்."

அடுத்த நாளே கிளம்பிவிட்டார்கள். பஸ் ஏற்றிவிட முனுசாமி கவுண்டர் பாலக்கோட்டிலிருந்து வந்திருந்தார். பஸ் நகர்ந்த பிறகு என்னிடம், "அன்னைக்கு நான் பேசினதை மனசுல வெச்சுக்காத தாயி. மெட்ராசுல எங்க மச்சான் வூடு இருக்குது, தங்கறதுக்குச் சொல்லிட்டேன்" என்றார்.

அதற்குப் பிறகு பல வாரங்கள் எங்களுக்குச் செய்தி இல்லை. கடைவாசலில் டி.வி. இருந்தது, அருவி இல்லை. "ஏங்க, தண்ணி வத்திப் போச்சா?" என்று பஸ்ஸுக்கு நிற்பவர்கள் கேலி செய்வார்கள். சார் சிரித்துக்கொள்வார். நான் ஞாயிற்றுக்கிழமை பூசையில் அந்தப் பிள்ளையின் பெயரைச் சொல்லிக்கொள்வேன். அந்தக் கேசட் அலமாரியில் தனியாக இருந்தது. முகூர்த்த நெருக்கடியில் சேகர் ஒரு முறை அதன் பக்கம் கையை நீட்டினார். சார் எழுந்து ஃபேனை நிறுத்தினார். சேகர் கையை எடுத்துக்கொண்டார்.

மழைக்காலம் தொடங்கிய ஒரு மத்தியானம் மூன்று பேரும் கடைக்கு வந்தார்கள். மாதேசு தானே படியேறி வந்தான். வளர்ந்திருந்தான், பேச்சு வந்திருந்தது. வலது கண்ணை எடுத்துவிட்டுச் செயற்கைக் கண் வைத்திருந்தார்கள். தெரிந்து பார்த்தால்தான் தெரியும். கட்டி கண்ணை விட்டு வெளியே போகவில்லையாம். இன்னும் சில வருஷங்களுக்கு மற்றக் கண்ணை அடிக்கடி காட்ட வேண்டும், ஆனால் பயமில்லை என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். சிவண்ணன் ஒரு கூடைத் தக்காளியைச் சாரின் மேஜைமேல் வைத்துவிட்டு, கூடையையே சரிசெய்துகொண்டிருந்தான்.

கெம்பம்மா என்னிடம் கேட்டாள். "அக்கா, அந்தப் படம் இன்னும் இருக்குதுங்களா?"

"இருக்குது. பத்திரமா வெச்சிருக்கறோம். பாக்கறியா?"

"வேணாங்க. அதை அழிச்சிருங்க."

நான் சாரைப் பார்த்தேன்.

"நல்லா யோசிச்சுத்தான் சொல்றீங்களா?" என்றார் அவர். "அழிச்சிட்டா திரும்ப வராதுங்க."

"வரவே வேணாங்க. அது வந்த வேலைய முடிச்சிருச்சு. அந்தக் கண்ணே போயிருச்சு, படம் மட்டும் எதுக்குங்க எடத்த அடைச்சிக்கிட்டு?" என்றவள் கொஞ்சம் தயங்கினாள். "அதுமேலயே இவனை இப்ப எடுக்க முடியுங்களா?"

சார் கையைக் கழுவிவிட்டு வந்தார். கேசட்டை எடுத்து டேப்பை ஒட்டினார். சேகர் அதைக் கேமராவில் போட்டு, கேமராவை டி.வி.யோடு இணைத்தார். விளக்கைப் போட்டதும் திரையில் மாதேசு வந்தான். இடது கண் நாவற்பழம் மாதிரி கறுப்பாக இருந்தது. கெம்பம்மா திரைக்கு வெகு அருகில் போய் அந்தக் கண்ணை உற்றுப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து மூச்சு விட்டாள். பதியும் பொத்தான் எது என்று கேட்டாள். காட்டினேன். அவளே அழுத்தினாள்.

மாதேசுவுக்குத் திரையில் இருப்பது தான்தான் என்று புரியவில்லை. கையை ஆட்டினான், அந்தப் பிள்ளையும் ஆட்டியது. நாக்கை நீட்டினான், அதுவும் நீட்டியது. அதைப் பிடித்துவிடலாம் என்று டி.வி.க்குப் பின்னால் ஓடினான். அங்கே ஒயர்தான் இருந்தது. டி.வி. ஓரமாகவே நின்று எட்டி, அந்தப் பிள்ளை இல்லாத திரையையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தான்.

"அவன் ஓடிட்டாம்மா" என்றான்.

கெம்பம்மா சிரித்தாள். பதிவு ஓடிக்கொண்டிருந்தது.